காலியாகத் திரும்பும் ஜீப்

ஸ்டோர் லயம்,
போடிமெட்டு
ஜூன் 4, 2025

அக்கா,

சொல்லாமல் பஸ் ஏறியது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பஸ் ஏறியது தப்பில்லை. அதற்குக் கேட்க மாட்டேன்.

போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நீதான் என் நம்பரை ப்ளாக் பண்ணி வைத்திருக்கிறாய். நீ எடுத்தாலும் இங்கே தோட்டத்து லய வீடுகளில் ரேஞ்ச் கிடையாது. ஸ்டோர் மேட்டில் ஏறி நின்றால்தான் கிடைக்கும். அங்கே நின்று பேசினால் ஏலக்காய் காயவைக்கிற ஆட்கள் எல்லாரும் நம் சண்டையைக் கேட்டுவிட்டு அப்பாவிடம் போய்த் தீர்ப்புச் சொல்வார்கள். அதோடு, போனில் நீ என்னை ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச விட்டதே இல்லை. கடிதத்தில் நடுவில் புகுந்து பேச உன்னால் முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். பாலக்காட்டுக் கல்லூரியில் நீ எனக்காக அலைந்து வாங்கிய சீட்டில் நான் சேரவில்லை. இங்கே டவுனில் புதிதாக வந்திருக்கும் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்துவிட்டேன். ஏலக்காயும் மிளகும் பதப்படுத்துவது, தரம் பிரிப்பது என்று இரண்டு வருட டிப்ளமா. முடித்தால் டிகிரியின் மூன்றாம் வருடத்தில் நேராகச் சேரலாம். அப்போது பாலக்காடு என்றாலும் வருகிறேன், எர்ணாகுளம் என்றாலும் போகிறேன். தொடங்குவது இங்கே. நம் அப்பா கண் எரிய எரிய ஸ்டோரில் காயவைத்த காயை ஏலம் விடும் மண்டபத்தில் யாரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கையில் கொட்டி, முகர்ந்து பார்த்து, தரம் சொல்கிறார். அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. பாலக்காட்டில் நீ வாங்கியது வரலாற்றுப் பாடத்துக்கான சீட். அது உன் ஆசை, அக்கா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் வீட்டில் இருந்த நாட்களை யோசித்துப் பார். காலையில் அத்தான் மாட்டுத்தீவனம் ஏற்ற லோடு வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குக் கிளம்பும்போது ஜிபினை இடுப்பில் வைத்துக்கொண்டு டாட்டா காட்டுவேன். அத்தான் மூட்டையோடு திரும்பும்போதும் அதே இடுப்பு, அதே ஜிபின். நடுவில் உன் மாமியார், "கண்ணு, கொழந்தைய அப்படியே தூக்கிட்டுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டிப்போட்டு வந்துரு" என்பார். ஜிபின் மேல் எனக்கு உயிர். ஆனால் உன் வீட்டில் தங்கிப் படித்தால் நான் நன்றாகக் கற்றுக்கொள்வது பிள்ளை தூக்குவதைத்தான். நீ வேண்டுமென்று செய்யவில்லை. உனக்குக் கை போதவில்லை, கூட ஒரு கை வந்ததும் பிடித்துக்கொண்டாய். இதை நேரில் சொன்னால் அழுவாய் என்றுதான் சொல்லாமல் வந்தேன்.

அம்மா வழக்கம்போல. நான் பேசினால் "நீ சொல்றதும் சரிதான்" என்கிறாள். அப்பா உன் பெயரைச் சொன்னால் "கத்தரி சொல்றதும் சரிதான்" என்கிறாள். வகுப்பு பதினாறாம் தேதி தொடங்குகிறது.

ஜெஸ்னா


கொல்லங்கோடு
ஜூன் 11

ஜெஸ்னா,

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

"அக்கா நான் கிளம்பிட்டேன்" என்று ஒரு வரி மெசேஜ். அதைப் பார்த்துவிட்டு நானும் உன் அத்தானும் பொள்ளாச்சி ஸ்டாண்ட் முழுக்கத் தேடினோம். உடுமலை பஸ் அப்போதுதான் போனது என்றார்கள். வீட்டுக்கு வந்தால் மாமியார், "ஏன் கண்ணு, நம்மூட்டுல அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் கொறையாயிருச்சா" என்று கேட்கிறார். ப்ளாக் பண்ணியது உண்மைதான். எடுத்தால் திட்டியிருப்பேன். திட்டினால் நீ அழுவாய், நீ அழுதால் அப்பாவுக்குப் பிரஷர் ஏறும்.

பிள்ளை தூக்க வைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வலித்தது. பொய் என்று சொல்ல முடியவில்லை, அதனால் இன்னும் வலித்தது. ஜிபின் இந்த மாதம் முதல் அங்கன்வாடிக்குப் போகிறான். இனி அந்தச் சாக்கு உனக்குக் கிடையாது.

கம்யூனிட்டி காலேஜ் என்று பெருமையாக எழுதுகிறாய். அப்படி ஒன்று இங்கேயும் இருக்கிறது. கொல்லங்கோட்டு டவுனில் ரேஷன் கடைக்கு மேல் மாடியில். நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வெளியே காலேஜ் என்று போர்டு, உள்ளே தையல் கிளாஸாக இருக்கும். பாலக்காட்டில் பெரிய கல்லூரி, பெரிய லைப்ரரி, வாசலில் பஸ் நிற்கும். அதை விட்டுவிட்டு மாடிப்படி காலேஜ்.

எனக்கு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் அப்போது நீ சின்னப்பிள்ளை, பாதிதான் தெரியும். மீதியைக் கேள். எனக்கும் காலேஜில் இடம் கிடைத்தது. டவுனைத் தாண்டிப் போகிற பஸ்ஸில் போக வேண்டும். லயத்திலிருந்து டவுன் வரை பஸ் கிடையாது, காட்டுப்பாதையில் நடை. ஜூன் மாதம் ஓடியே போனேன். ஜூலையில் மழை. காலில் அட்டையோடு கிளாஸில் உட்கார்ந்தால் பக்கத்து டெஸ்க் பிள்ளைகள் நகர்ந்து உட்காருவார்கள். பஸ்ஸை விட்ட நாள்தான் அதிகம். மூன்றாம் மாதம் அட்டெண்டன்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "வீட்டுல சும்மா இருக்கதுக்கு ஒரு வாரம் காய் எடுக்கப் போ" என்றார் அப்பா. அந்த ஒரு வாரம் ஐந்து வருடம் ஓடியது. காலையில் போடியிலிருந்து கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு லயத்து முக்கில் போடி ஜீப் வரும். ஏற்கெனவே நிரம்பி வழியும் அதில் நானும் ஒட்டிக்கொள்வேன். ஏலத்தோட்டம் இருக்கும் உள்காட்டில் இறங்கிக் கூடையைக் கட்டினால், சாயங்காலம் அதே ஜீப்பில் வீடு. கல்யாணம் வரைக்கும் இதுதான்.

நமக்கு மேல்படிப்பு கிடைக்காமல் போனது புத்தி இல்லாமல் இல்லை. போக வழி இல்லாமல். அந்தப் பாதை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நீ எப்படிப் போவாய் என்று உன் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. நான் கவனித்தேன்.

கடைசியில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மழை வரும், நீ காலேஜை விட்டு நிற்பாய், அந்த முக்கில் ஜீப்புக்குக் காத்து நிற்பாய். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் நீ எனக்குச் செய்து கொடுத்த சத்தியம் ஞாபகம் இருக்கட்டும். கூலி ஜீப்பில் ஏற மாட்டேன் என்று சொன்னாய்.

இந்த வருடப் பாலக்காட்டு சீட் போயிற்று. அடுத்த வருடம் வரை இங்கே வந்து இரு. பிள்ளையை நீ தொடக்கூட வேண்டாம்.

கத்தரீனாள்


ஸ்டோர் லயம்
ஜூன் 20

அக்கா,

எப்படிப் போவேன் என்று நான் எழுதாததற்குக் காரணம், எழுதும்போது எனக்கே தெரியாது. இப்போது தெரியும். உட்கார்ந்துகொண்டு வாசி.

முதல் நாள் நடந்தேன். நீ சொன்ன பாதை, நீ சொன்ன அட்டை. போய்ச் சேர்ந்தபோது முகம் கழுவவே நேரம் இல்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் லயத்து முக்கு தாண்டி நடந்துகொண்டிருக்கும்போது பின்னால் ஹாரன் சத்தம். ஒதுங்கினேன். போடி ஜீப். பெண்களை உள்காட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போகிறது. உள்ளே டிரைவர் சுடலைமணி அண்ணனைத் தவிர ஒரு ஆள் இல்லை. என்னைத் தாண்டி, நான் போக வேண்டிய டவுனுக்கே, அத்தனை சீட்டும் காலியாகப் போனது.

அங்கேயே நின்றுவிட்டேன். தினமும் இதைப் பார்த்திருக்கிறோமே அக்கா. டிரைவர்கள் எல்லாம் பகலில் டவுன் ஸ்டாண்டில்தான் கிடப்பார்கள். மூன்று மணி வாக்கில் காலியாகவே திரும்பி வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு வழியாகப் போடிக்கு இறங்குவார்கள். அவர்கள் உள்ளே வரும்போது நான் வெளியே போக வேண்டும். அவர்கள் வெளியே போவதற்கு முன்னால் நான் உள்ளே வர வேண்டும். எனக்கென்று யாரோ பேசி வைத்த மாதிரி இருக்கிறது.

அடுத்த நாள் நடு ரோட்டில் நின்று கையைக் காட்டினேன்.

"எங்கிட்டும்மா?" என்றார் சுடலைமணி அண்ணன்.

"டவுனுக்கு. காலேஜுக்கு."

"இது கூலி வண்டி தாயி."

"கூலிக்கு வந்தவங்க எல்லாம் எறங்கியாச்சுல்லண்ணே. இப்ப சும்மாத்தான போகுது."

ஏறு என்று தலையை ஆட்டினார். முன்சீட்டில் உட்காரப் போனேன். "முன்னால வேணாம். ஒத்தப் பொம்பளப்புள்ள முன்னால ஒக்காந்தா நாலு பேரு நாலு பேசுவான். பின்னால ஒக்காரு, அம்புட்டுத்தேன்" என்றார். பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடிக்கிற இடத்தில் நான் ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். குலுங்கிக் குலுங்கிப் புத்தகப்பை மடியை விட்டுப் பறந்தது. டவுனில் இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

அப்பாவிடம் மறைக்கவில்லை. மறுநாள் காலையில் முக்குக்கு வந்து நின்றார். சீட் நனைந்திருக்கும் என்று மடித்த சாக்கு ஒன்று கையில் வைத்திருந்தார். அதைப் பின்சீட்டில் விரித்தார். சுடலைமணி அண்ணனிடம், "பாத்துக் கொண்டுபோடே" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. நம் அப்பா அதிகம் பேசிய நாட்களில் அதுவும் ஒன்று.

சத்தியத்தை மீறினேனா என்று கேட்பாய். கூலி ஜீப்பில் ஏற மாட்டேன் என்றுதான் சொன்னேன். நான் ஏறுவது கூலி இல்லாத ஜீப். மாதாவுக்கு இது புரியும் என்று நம்புகிறேன். உனக்குப் புரிகிறதா என்று எழுது.

இங்கே தையல் கிளாஸ் இல்லை. காய்க்குள் ஈரம் எவ்வளவு என்று பார்க்கிற மெஷின் இருக்கிறது. வகுப்பில் முப்பத்தைந்து வயது அக்கா ஒருத்தியும் இருக்கிறாள். அவள் மகனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம்.

ஜெஸ்னா


கொல்லங்கோடு
ஜூன் 28

ஜெஸ்னா,

ஜீப்பில் ஏறிவிட்டாய்.

முன்னால் ஏறினாயா, பின்னால் ஏறினாயா, காலியா, கூலியா என்று எனக்கு வக்கீல் பேச்சுப் பேச வேண்டாம். அந்த ஜீப் வாசனை எனக்குத் தெரியும். டீசலும் ஈரச் சாக்கும் வெற்றிலையும். உன் துணியில் அது ஏறக்கூடாது என்று நான் ஒரு வேண்டுதலே வைத்திருந்தேன். நீ சிரித்துக்கொண்டே இறங்கினேன் என்று எழுதுகிறாய்.

நீ நிற்கும் நாளில் எனக்கு எழுது, வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அதுவரை உன் கடிதத்துக்கு நான் பதில் போட மாட்டேன்.

கத்தரீனாள்


ஸ்டோர் லயம்
ஜூலை 19

அக்கா,

பதில் போட மாட்டேன் என்றாய். சரி. நான் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லையே.

மழை வந்துவிட்டது. நீ சொன்ன மாதிரியேதான் வந்தது. மெட்டுக்கு அந்தப்பக்கம் மண் சரிந்து ஜீப் எதுவும் மேலே ஏறவில்லை. ஒரு வாரம் நடந்தேன். நடந்த ஒரு நாள், ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் போனது. பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடு ஓடையில் நின்று அழுதேன். திரும்பிப் போய்விடலாம், அக்காவுக்கு ஒரு வரி எழுதினால் வந்து கூட்டிப் போவாள் என்று தோன்றியது. உன்னிடம் பொய் எழுத எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் சொல்கிறேன். தோன்றியது. அப்புறம் மறுகரைக்குத்தான் போனேன், ஏனென்றால் அது பக்கத்தில் இருந்தது.

இப்போது ஜீப் ஓடுகிறது. பிரச்சினை வேறு. ஜீப் பெண்களை இறக்கிவிட்டுத் திரும்பி டவுன் சேரும்போது முதல் பீரியட் முடிந்துவிடுகிறது. முதல் பீரியட்தான் பிராக்டிகல். மெஷினைத் தொடுகிற வகுப்பு. ஆர்த்தி டீச்சர் நல்லவர்தான். கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "ஜெஸ்னா, பிராக்டிகல் அட்டெண்டன்ஸ் இல்லன்னா பரீட்சைக்கு உக்கார விட என்னால முடியாது. இந்த மாசம் முடியிறதுக்குள்ள ஏதாவது வழி பண்ணு. செப்டம்பர்ல கணக்கு எடுப்பாங்க." பழையபடி நடந்து போகலாம் என்றால் ஓடை விடாது. ரோட்டுப் பாலம் வழியே சுற்றினால் ஜீப்பை விட நேரமாகிறது.

சுடலைமணி அண்ணனிடம் கொஞ்சம் முன்னால் வர முடியுமா என்று கேட்டேன். "வண்டிதேன் என்னுது தாயி. நேரம் அவுகளுது. அவுக ஏறுனாத்தேன் நான் எடுக்க முடியும். அவுககிட்ட கேளு" என்றார். எப்படிக் கேட்பது? அந்தப் பெண்கள் இருட்டில் எழுந்து சோறு ஆக்கி, தூக்குவாளியில் கட்டிக்கொண்டு, போடியிலிருந்து மலை ஏறி வருகிறார்கள். எனக்காக இன்னும் முன்னால் எழுந்திருங்கள் என்று எந்த வாயால் கேட்பேன்? அந்த ஜீப்பில் வரும் முத்துப்பேச்சி அக்காவை ஒரு நாள் முக்கில் பார்த்தேன். உன்னோடு காய் எடுத்தவர்தானே, உன்னைப் பற்றி விசாரித்தார். நல்லா இருக்கா என்று மட்டும் சொன்னேன்.

இதை உதவி கேட்டு எழுதவில்லை. நீ நின்ற மூன்றாம் மாதத்துக்கு நானும் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறேன். அந்த இடம் எப்படி இருக்கும் என்று நம் வீட்டில் உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அதனால் எழுதினேன்.

ஜெஸ்னா


ஸ்டோர் லயம்
ஆகஸ்ட் 6

அக்கா,

நீதானே?

திங்கட்கிழமை நான் தலை பின்னி முடிக்கவில்லை, ஜீப் சத்தம் கேட்டது. தப்பான ஜீப் என்று நினைத்தேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் முக்கில் அதே ஜீப், அதே பெண்கள், உள்காட்டுக்குப் போகிறது. முத்துப்பேச்சி அக்கா தலையை வெளியே நீட்டி, "ஏ தாயி, சட்டுனு கெளம்பி நில்லு. வண்டி திரும்பி வாரப்ப நீ இல்லன்னா எங்க தூக்கம் போனது வீணாப்போகும்" என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார். பாதிப் பின்னலோடு ஓடினேன். அன்றைக்கு ஆர்த்தி டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நான் முதல் பெஞ்சில் இருந்தேன்.

மறுநாளும் சீக்கிரம் வந்தது. இன்றும் வந்தது. சாயங்காலம் பெண்கள் ஏறும் இடத்துக்கே போய் முத்துப்பேச்சி அக்காவிடம் யார் சொன்னது என்று கேட்டேன்.

"ஒங்கக்காதேன் போன் போட்டா. எத்தன நாளு. மொதல்ல ஒருத்திகூட ஒத்துக்கல. ஏற்கனவே கண்ணு மூடுன ஒடனே விடிஞ்சிருது, இதுல இன்னும் வெள்ளனயான்னு வஞ்சாளுக. ஒங்கக்கா விடுவாளா. வெள்ளன வந்தா வெள்ளன எறங்கலாம், இருட்டுறதுக்குள்ள வீடு சேரலாம்னு ஒவ்வொருத்திக்கும் தனித்தனியா போன் போட்டுச் சொன்னா. தோட்டத்து மேஸ்திரிகிட்டயும் அவளே பேசி, வேலைய சீக்கிரம் நிறுத்தச் சம்மதம் வாங்கிட்டா."

அவர் கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே சொன்னார்: "கடைசியா எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'நான் மூணாம் மாசம் நின்னவக்கா. இவளும் மூணாம் மாசம் நின்னா, அதுக்கப்பறம் அந்த லயத்துல எந்தப் புள்ள படிக்கணும்னு கேக்கும்'னா. வெள்ளன எந்திரிச்சிட்டோம்."

எனக்கு ஒரு வரிகூட எழுதாமல் போடி முழுக்கப் பேசியிருக்கிறாய். உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனாலும் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு டவுன் வரைக்கும் அழுதேன். சுடலைமணி அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

இப்போது அது காலி ஜீப் இல்லை. மேல் லயத்து ஜிஸ்மியும் ஏறுகிறாள், அவள் தங்கையைப் பக்கத்துப் பள்ளியில் இறக்கிவிடுகிறாள். எங்கள் கல்லூரியில் சீட் நிறையாததால் செப்டம்பர் கடைசி வரை ஆள் சேர்ப்பார்களாம். கொல்லங்கோட்டிலும் அப்படித்தான், வயது கணக்கில்லை, பிளஸ் டூ போதும் என்றார் ஆர்த்தி டீச்சர். நான் விசாரித்தேன். ஏன் விசாரித்தேன் என்று உனக்கே தெரியும்.

ஜெஸ்னா


கொல்லங்கோடு
ஆகஸ்ட் 17

ஜெஸ்னா,

நான்தான். பதில் போட மாட்டேன் என்றேனே தவிர, படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. ஓடையில் நின்று அழுதேன் என்று நீ எழுதியதைப் படித்த அன்றைக்கே முத்துப்பேச்சி அக்கா நம்பரைத் தேடி எடுத்தேன். உன் நம்பரை இன்னும் ப்ளாக்கிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன்.

உன் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது உன் மேல் இல்லை.

அந்த ஜீப்பில் ஐந்து வருடம் போனவள் நான். உள்காட்டில் எங்களை இறக்கிவிட்டு அது திரும்பும்போது, பின்கதவு சரியாகச் சாத்தாமல் படபடவென்று அடித்துக்கொண்டே போகும். கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டே அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்பேன். காலியாகப் போகிறது என்று தெரியும். டவுனுக்குப் போகிறது என்றும் தெரியும். டவுனில் இறங்கினால் காலேஜ் பஸ் கிடைக்கும் என்றும் தெரியும். ஆனால் அதில் ஏறலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை, ஜெஸ்னா. எனக்குத் தோன்றவே இல்லை. பாதை இல்லை, பாதை இல்லை என்று இத்தனை வருடம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ நாலாம் நாள் கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறாய். அந்தக் கடிதம் வந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் அப்படித் திட்டி எழுதினேன்.

சரி. என்னைப் பற்றி விசாரித்ததை இத்தோடு நிறுத்து. பிள்ளை, மாடு, மாமியார், சமையல். இருபத்தொன்பது வயதில் ரேஷன் கடை மாடிப்படி ஏறிப் போய் உட்கார எனக்கு வெட்கமாக இருக்காதா? நீ படி. நீ படித்தால் போதும்.

கத்தரீனாள்


ஸ்டோர் லயம்
செப்டம்பர் 8

அக்கா,

நிறுத்த மாட்டேன்.

மூன்றாம் மாதம் முடியப்போகிறது. அட்டெண்டன்ஸ் கணக்கு எடுத்துவிட்டார்கள், நான் பரீட்சைக்கு உட்காரலாம். நான் நிற்கவில்லை. நீ நின்ற இடத்தைத் தாண்டி வந்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கும் என்று நினைத்தேன், ஒன்றும் இல்லை. சாதாரணமாக ஒரு திங்கட்கிழமை வந்தது, போனது.

நான் படித்தால் உனக்குப் போதும் என்கிறாய். எனக்குப் போதாது. எனக்காகப் போடியில் அத்தனை பேருக்குப் போன் போட்டவளுக்கு, தனக்காகப் பேச ஒரு ஆள் கிடைக்கவில்லையா? நான் அங்கே வந்து பேசட்டுமா? உன் மாமியாரிடம் நானே கேட்பேன், எனக்கு வெட்கம் கிடையாது. வெட்கப்படுகிற ஆள் நம் வீட்டில் நீ ஒருத்திதான்.

என் பக்கத்து பெஞ்ச் முப்பத்தைந்து வயது அக்காவுக்கு வகுப்பில் தூக்கம் வரும். நான் இடித்து எழுப்புவேன். உன்னையும் யாராவது எழுப்புவார்கள்.

செப்டம்பர் கடைசி வரைதான்.

ஜெஸ்னா


கொல்லங்கோடு
செப்டம்பர் 19

ஜெஸ்னா,

நீ வந்து பேச வேண்டாம். நீ பேசினால் மாமியார் உன்னையே மருமகளாக வைத்துக்கொள்வார்.

உன் கடிதம் வந்து பல நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. உன் மேல் எரிச்சலாக இருந்தேன். தனக்காகப் பேச ஆள் இல்லையா என்று கேட்டிருந்தாயே, அது மாவாட்டும்போது, பால் கறக்கும்போது எல்லாம் வந்து வந்து நின்றது. எப்படிப் போவது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பஸ் அங்கன்வாடி நேரத்துக்கு ஒத்து வராது, நடந்தால் வெயில், இப்படி.

நேற்றுக் காலை ஜிபினை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றேன். உன் அத்தான் தீவனம் ஏற்றக் கிளம்பினார். தினமும் கிளம்புகிறார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, காலையில் ஒரு மூட்டைகூட இல்லாமல் டவுனுக்குப் போய், மதியம் வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு வருகிறார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஒரு துண்டு மட்டும் கிடக்கும். நான் இதே வாசலில் நின்று டாட்டா காட்டுவேன். நீகூடக் காட்டினாய்.

மறுபடியும் எனக்குத் தோன்றவில்லை பார்த்தாயா. என் வீட்டு வண்டி.

உள்ளே போய்ச் சேலை மாற்றினேன். பெட்டியில் இருந்து பிளஸ் டூ சர்டிபிகேட்டை எடுத்தேன். மாமியாரிடம், "அத்தை, மத்தியானம் ஜிபின நீங்க கூட்டிட்டு வந்துருங்க" என்றேன். "எங்க கண்ணு போற" என்றார். "வந்து சொல்றேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, நேரத்துல வந்துரு" என்று மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார்.

வண்டி முக்குத் திரும்புவதற்குள் ஓடிப்போய் நடுவில் நின்று கையைக் காட்டினேன். உன் அத்தான் பிரேக் போட்டுவிட்டுப் பயந்துபோய்ப் பார்த்தார். கதவைத் திறந்தேன், துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எங்க புள்ள, கடைக்கா?" என்றார்.

"காலேஜுக்கு."

என்னையும் கையில் இருந்த சர்டிபிகேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என் பக்கத்துக் கதவை எட்டி இழுத்துச் சரியாகச் சாத்திவிட்டு, வண்டியை எடுத்தார்.

அக்கா